ஸ்பானிய மொழியின் வாசலில்

2025-ஆம் ஆண்டு மே திங்கள் 8-ஆம் நாள் மாலை, உரோமை புனித பேதுரு பேராலயத்தின் மாடத்தில் புதிய திருத்தந்தையாகத் தோன்றிய பதினான்காம் லியோ, இத்தாலிய மொழியில் தம் உரையைத் தொடங்கினார். இடையே மொழியை மாற்றி, தாம் ஆயராக இருந்த பெரு நாட்டுச் சிக்லாயோ மறைமாவட்டத்து மக்களை ஸ்பானிய மொழியில் வாழ்த்தினார். அவர் அமெரிக்காவின் சிக்காகோ நகரில் பிறந்தவர். அவருடைய தாய்மொழி ஆங்கிலம். ஆயினும் அவ்வேளையில் அவர் நாவில் வந்தது ஆங்கிலமன்று. 1985-ஆம் ஆண்டில் மறைபரப்பாளராகத் தாம் சென்றடைந்த நாட்டின் மொழியே வந்தது. அவருக்கு முன்னிருந்த திருத்தந்தை பிரான்சிஸுக்கோ, அது அர்ஜென்டினா நாட்டில் தாய்மடியில் கேட்ட மொழி.

இன்று உலகில் ஏறத்தாழ 50 கோடி மக்கள் ஸ்பானியத்தைத் தாய்மொழியாகக் கொண்டுள்ளனர். ஸ்பெயின், தென் அமெரிக்கா, நடு அமெரிக்கா, மெக்சிகோ, கரீபியத் தீவுகள், ஆப்பிரிக்காவின் எக்குவத்தோரியல் கினி என இருபது நாடுகளில் அது ஆட்சி மொழி. திருச்சபையின் மக்களுள் மிகப் பெரும் பகுதியினர் இறைவனை வேண்டுவதும், பிள்ளைகளைத் தாலாட்டுவதும், இறந்தோருக்காக அழுவதும் இம்மொழியில்தான். நம் நாட்டுக் குருக்களும் கன்னியரும் அந்நாடுகளுக்குப் பணிக்குச் செல்கின்றனர். படிக்கவும் பிழைக்கவும் செல்லும் இளைஞரும் உள்ளனர். ஆதலால் இம்மொழியின் வாசலில் சற்று நின்று, உள்ளே என்ன இருக்கிறது என எட்டிப் பார்ப்பது நம் குடும்பங்களுக்குப் பயனுடையதாகும்.

நம் வீட்டிலேயே இருக்கும் சொற்கள்

தொடங்குபவர் அஞ்ச வேண்டியதில்லை. ஸ்பானியத்தின் உடன்பிறந்த மொழியாகிய போர்த்துக்கீசியம், 16-ஆம் நூற்றாண்டு முதல் நம் கடற்கரைகளில் பேசப்பட்டு, பல சொற்களை நம் வீடுகளில் விட்டுச் சென்றிருக்கிறது. நாம் 'மேசை' என்பதை ஸ்பானியர் 'மேசா' என்பர். நம் 'அலமாரி' அவர்களுக்கு 'அர்மாரியோ'. நம் 'வாத்து' அவர்களுக்குப் 'பாத்தோ'. நம் 'சாவி' அங்கே 'யாவே'. நம் 'பாதிரி' அவர்களுடைய 'பாத்ரே'. அச்சொல்லுக்குத் தந்தை என்பது பொருள். ஈழத்துத் தமிழர் ரொட்டியைப் 'பாண்' என்பர். ஸ்பானியர் 'பான்' என்பர்.

வேறொரு வழியிலும் உறவு உண்டு. 711 முதல் 1492 வரை ஸ்பெயின் நாட்டின் பகுதிகள் இஸ்லாமியர் ஆட்சியில் இருந்தமையால், அரபுச் சொற்கள் அம்மொழியில் ஏராளமாகக் கலந்தன. அவற்றுள் 'அசூகார்' என்பது சர்க்கரை. வடமொழிச் 'சர்க்கரா' பாரசீகம், அரபு வழியாக மேற்கே சென்று 'அசூகார்' ஆயிற்று. நம்மிடம் 'சர்க்கரை' ஆயிற்று. ஒரே கரும்பின் இரு கணுக்கள் எனலாம்.

பெயர்களை நோக்கின் உறவு இன்னும் நெருக்கமாகும். 'தோலோரெஸ்' என்னும் பெண்ணின் பெயருக்குப் பொருள் வியாகுலங்கள். நம் பங்குகளில் வியாகுலமேரி இல்லாத பங்கு எது? 'ரொசாரியோ' என்பது நம் செபமாலை. 'சொகோர்ரோ' நம் சகாயம். 'சலூத்' நம் ஆரோக்கியம். 'கொன்செப்சியோன்' என்பது அன்னையின் அமல உற்பவத்தைக் குறிக்கும் பெயர். நம் வீட்டு அமலோற்பவம் அவளே. ஆண் குழந்தைக்கு 'ஹெசூஸ்' என நம் ஆண்டவரின் பெயரையே இடுவதும் அங்கே இயல்பான வழக்கம். இரு மக்களும் ஒருவரையொருவர் காணாமலே, ஒரே அன்னையின் திருநாட்களிலிருந்து தம் பிள்ளைகளுக்குப் பெயர் எடுத்துள்ளனர்.

ஒலியும் அழுத்தமும்

ஸ்பானிய எழுத்துக்கள் இருபத்தேழு. அவற்றுள் உயிர் ஐந்தே: அ, எ, இ, ஒ, உ. எழுதியபடியே வாசிக்கும் மொழி அது. ஆங்கிலத்தைப் போல் எழுத்து ஒன்று, ஒலி ஒன்று என மாணவரை அலைக்கழிப்பதில்லை. பற்களில் நா படும் நம் தகர ஒலியே அவர்களுடைய தகரமும். நம் ஞகரம் அவர்களுக்கும் உண்டு. நகரத்தின் மேல் ஒரு சிறு வளைவு இட்டு அதை எழுதுவர். 'சேஞோர்' என்றால் ஐயா. ஆண்டவர் என்றும் பொருள்படும். 'நீஞோ' என்றால் சிறுவன். ரகர றகர வேற்றுமையை நம் ஆசிரியர்கள் அடித்துச் சொல்லிக் கொடுத்தது இங்கே பயன்படும்: ரகரம் மெல்ல ஒலித்தால் 'ஆனால்' என்று பொருள்படும் சொல், நா நடுங்க அழுத்தி ஒலித்தால் 'நாய்' என்று ஆகிவிடும்.

நமக்குப் புதியது அசையழுத்தம். உயிரெழுத்திலோ, நகர சகர மெய்களிலோ முடியும் சொல்லில் கடைசிக்கு முந்திய அசை அழுத்தம் பெறும். ஏனையவற்றில் கடைசி அசை பெறும். விதிக்கு மாறான இடத்தில் எழுத்தின் தலைமேல் ஒரு சாய்கோடு இடுவர். அக்கோடு அலங்காரமன்று. 'பாப்பா' என்னும் சொல்லை முதலசை அழுத்தி, ஆண்பால் சுட்டோடு 'எல் பாப்பா' என்றால் திருத்தந்தை. அதையே பெண்பாலாக்கி 'லா பாப்பா' என்றால், தென் அமெரிக்க நாடுகளில் உருளைக்கிழங்கு. கடைசி அசையை அழுத்தினால் வீட்டிலிருக்கும் அப்பா. ஓர் அழுத்தமும் ஒரு சிறு சுட்டும் தவறினால், உரோமையில் இருப்பவர் சமையலறைக்கு வந்துவிடுவார்!

பெயரும் பாலும்

தமிழில் பால் என்பது பொருளைப் பற்றியது. பகுத்தறிவுடையோர்க்கே ஆண்பாலும் பெண்பாலும் உண்டு. ஸ்பானியத்தில் எல்லாப் பெயர்ச்சொல்லும் ஆணோ பெண்ணோ ஆகும். மேசை பெண், புத்தகம் ஆண், ஞாயிறு ஆண், திங்கள் பெண். ஒகரத்தில் முடிவன பெரும்பாலும் ஆண்பால், அகரத்தில் முடிவன பெரும்பாலும் பெண்பால் என்பது பொதுவிதி. ஆனால் கையைக் குறிக்கும் 'மானோ' பெண்பால். நாளைக் குறிக்கும் 'தீஆ' ஆண்பால். ஆதலால் சொல்லைத் தனியே மனனம் செய்யலாகாது. 'லா மானோ', 'எல் தீஆ' எனச் சுட்டோடு சேர்த்தே மனத்தில் இருத்த வேண்டும்.

அடைமொழி பெயருக்குப் பின்னே வருவதே பெரும்பான்மை. 'வெள்ளை வீடு' என்பதை 'வீடு வெள்ளை' என்ற வரிசையில் 'லா காசா பிளாங்கா' என்பர். வீடு பன்மையானால் வெள்ளையும் பன்மையாகும். தன்னோடு நிற்பதற்கு இசைந்து தன் வடிவை மாற்றிக்கொள்வது அம்மொழியின் அடைக்கு இயல்பு.

வினை தரும் வியப்பு

வினைச்சொற்களில் தமிழர்க்கு ஒரு நற்செய்தி உண்டு. 'பேசுகிறேன்', 'பேசுகிறாய்', 'பேசுகிறோம்' என நம் வினையின் ஈறே பேசுபவரைக் காட்டுவது போல, 'ஆப்லோ', 'ஆப்லாஸ்', 'ஆப்லாமோஸ்' என அவர்களுடைய வினையும் காட்டும். 'நான்', 'நாங்கள்' என்று தனியே சொல்ல வேண்டியதில்லை. நம் இலக்கணத்தார் தோன்றா எழுவாய் என்பது அங்கேயும் உண்டு.

'மே குஸ்தா எல் பான்' என்னும் தொடரை ஆங்கிலம் வழியாகக் கற்போர் தலைகீழாகப் புரண்டு கற்பர். நாமோ 'எனக்கு ரொட்டி பிடிக்கிறது' என்று சொல்லிப் பழகியவர்கள். அவர்கள் சொல்வதும் அதே அமைப்புத்தான். 'எனக்குத் தலை வலிக்கிறது' என்பதும் அவ்வாறே. நம் நான்காம் வேற்றுமையை அறிந்தவர்க்கு அது அயலார் வீடாகத் தோன்றாது.

இரண்டாம் வேற்றுமையிலும் ஓர் ஒற்றுமை. நாம் 'மரம் பார்த்தேன்' எனலாம்; ஆனால் 'அம்மா பார்த்தேன்' எனலாகாது; 'அம்மாவைப் பார்த்தேன்' என ஐயுருபு வந்தே தீரும். ஸ்பானியத்தில் செயப்படுபொருள் மனிதராயின் 'ஆ' என்னும் ஓர் இடைச்சொல் முன்னே வரும், மரமாயின் வராது. 'கெரேர்' என்னும் வினை வேண்டுதலையும் குறிக்கும், அன்புகூர்தலையும் குறிக்கும். ரொட்டியோடு அதைச் சொன்னால் 'ரொட்டி வேண்டும்'. 'ஆ' சேர்த்துத் தாயோடு சொன்னால் 'தாயை நேசிக்கிறேன்'. பொருளுக்கும் மனிதருக்கும் இடையே இலக்கணம் இட்ட எல்லைக் கோடு அது.

கடினமானது ஒன்றையும் சொல்ல வேண்டும். 'அவர் ஆசிரியர்' என வினையில்லாமலே நாம் முடித்துவிடுவோம். ஸ்பானியத்திலோ 'செர்', 'எஸ்தார்' என இரண்டு வினைகள் உள்ளன. ஒருவர் யார், எத்தகையவர் என்பதற்கு முன்னது. எந்நிலையில், எவ்விடத்தில் இருக்கிறார் என்பதற்குப் பின்னது. 'லிஸ்தோ' என்னும் சொல்லை முன்னதோடு சேர்த்தால் 'அவர் கூர்மையான அறிவுடையவர்'. பின்னதோடு சேர்த்தால் 'அவர் ஆயத்தமாக இருக்கிறார்'. இறந்துவிட்டார் என்பதற்கும் நிலையைக் குறிக்கும் 'எஸ்தார்' என்பதையே வழங்குவர். ஒரு மாற்றத்தின் விளைவாக வந்த நிலை என்பதே இலக்கணத்தார் கூறும் காரணம். ஆயினும் உயிர்ப்பை நம்பும் கிறிஸ்தவர், சாவு நம் இயல்பன்று, நாம் கடந்துசெல்லும் ஒரு நிலையே எனத் தமக்குள் எண்ணிக்கொள்வதை யாரும் தடுப்பதற்கில்லை.

மற்றொன்று, விருப்பத்தையும் ஐயத்தையும் குறிக்கும் தனி வினை வடிவம். 'வருகிறார்' என்பது நிகழ்வு. 'வருக' என்பது வேட்கை. நம் வியங்கோளை ஒத்த இவ்வடிவம் அங்கே இன்னும் பரந்த ஆட்சி பெற்றது. 'அவர் வருவார் என நான் நம்பவில்லை' என்றாலும், 'அவர் வரவேண்டும் என விரும்புகிறேன்' என்றாலும் வினை அவ்வடிவையே ஏற்கும். அதற்கு முன்னே அடிக்கடி வரும் 'ஒஹலா' என்னும் சொல் அரபிலிருந்து வந்தது. இறைவன் திருவுளமானால் என்பது அதன் வேர்ப்பொருள்.

நீ, நீர், நீங்கள்

'தூ' என்பது நீ. 'உஸ்தே' என்பது நீங்கள். 'தங்கள் தயவு' எனப் பொருள்படும் பழைய மரியாதைத் தொடர் தேய்ந்து 'உஸ்தே' ஆயிற்று. அர்ஜென்டினா முதலிய நாடுகளில் 'தூ' என்பதற்குப் பதிலாக 'வோஸ்' வழங்கும். முதியவரை 'தூ' என விளிப்பது எங்கே அன்பாகும், எங்கே அவமதிப்பாகும் என்பது நாட்டுக்கு நாடு மாறும். தொடங்குபவர் 'உஸ்தே' என்பதில் நின்றால் தவறு நேராது. ஆனால் கர்த்தர் கற்பித்த செபத்தில் ஸ்பானியர் பரமதந்தையைத் 'தூ' என்றே அழைக்கின்றனர். நாம் 'நீர்' என்கிறோம். அவர்கள் பிள்ளையின் உரிமையோடு நிற்கிறார்கள். நாம் உரிமையும் வணக்கமும் கலந்து நிற்கிறோம். இரண்டும் ஒரே தந்தையின் முன்னிலையில் தகும்.

சொல்லுக்குள் வாழ்க்கை

மொழியோடு வாழ்க்கைமுறையும் வரும். நண்பகல் ஓய்வாகிய 'சியெஸ்தா' என்னும் சொல், லத்தீனில் ஆறாம் மணி வேளையைக் குறிக்கும் தொடரிலிருந்து பிறந்தது. துறவியரின் நண்பகல் செபமும் அவ்வேளையின் பெயரையே உடையது. உணவு முடிந்தபின் எழாமல் அமர்ந்து பேசியிருக்கும் நேரத்துக்குச் 'சொப்ரேமேசா' என்று தனிப்பெயர் உண்டு; 'மேசை மேல்' என்பது அதன் சொற்பொருள். பிள்ளைகள் தந்தையின் குடும்பப் பெயரோடு தாயின் குடும்பப் பெயரையும் தாங்குவர். மெக்சிகோவில் டிசம்பர் 16 முதல் 24 வரை ஒன்பது இரவுகள், சூசையப்பரும் மரியன்னையும் தங்க இடம் தேடியதை நினைந்து, மக்கள் வீடு வீடாகச் சென்று கதவு தட்டிப் பாடுவர். 'பொசாதாஸ்' என்னும் அவ்விழாவின் பெயருக்குச் சத்திரங்கள் என்பது பொருள். ஸ்பெயினில் பிள்ளைகள் பரிசை எதிர்நோக்குவது சனவரி 6-ஆம் நாள், மூன்று அரசர் திருநாளில். பிரியும்போது அவர்கள் சொல்லும் 'அதியோஸ்' என்பதற்கு இறைவனிடம் என்பது பொருள்.

மொழியும் வாளும்

இத்தனை இனிமையையும் சொன்ன நாம், கசப்பையும் மறைக்கலாகாது. 1492-ஆம் ஆண்டில் அந்தோனியோ தெ நெப்ரிகா என்னும் அறிஞர் ஸ்பானிய மொழியின் முதல் அச்சு இலக்கணத்தை அரசி இசபெல்லாவுக்குப் படைத்தார். மொழி என்றும் பேரரசின் துணையாகச் செல்வது என்பது அந்நூல் முகவுரையின் கருத்து. அதே ஆண்டில் கொலம்பஸ் கப்பலேறினார். அதன்பின் அமெரிக்கக் கண்டத்தில் அம்மொழி வாளோடும் நோயோடும் அடிமைத்தனத்தோடும் பரவியது. 1511-ஆம் ஆண்டுத் திருவருகைக் காலத்தில், இஸ்பானியோலா தீவில் அந்தோனியோ மொந்தேசினோஸ் என்னும் சாமிநாதர் சபைத் துறவி, அம்மக்களைக் கொடுமைப்படுத்திய தம் நாட்டவரை முன்னிருத்தி அவர்கள் பாவத்தைக் கண்டித்துப் பிரசங்கித்தார். ஒடுக்கியவர் மொழியும் அதுவே, ஒடுக்கியவரைக் கடிந்த மொழியும் அதுவே.

லீமா நகரின் பேராயராக 1581-இல் வந்த புனித தொரீபியோ, மக்களிடம் ஸ்பானியத்தை மட்டும் எதிர்பார்க்கவில்லை. தாமே கெச்சுவா மொழியைக் கற்றார். அவர் கூட்டிய சங்கத்தின் பயனாக 1584-இல் ஸ்பானியம், கெச்சுவா, அய்மாரா ஆகிய மூன்று மொழிகளில் ஞானோபதேச நூல் லீமாவில் அச்சேறியது. தென் அமெரிக்காவில் அச்சான முதல் நூல் அதுவே. இன்றும் ஆண்டிஸ் மலைநாடுகளில் பணிசெய்யச் செல்பவர், ஸ்பானியம் கற்றவுடன் கல்வி முடிந்தது என எண்ணலாகாது; மலைமேல் வாழும் பாட்டி வேறு மொழியில் அழக்கூடும். மேலே கண்ட 'பாப்பா' என்னும் உருளைக்கிழங்கே கெச்சுவாச் சொல்தான்.

எந்த நோக்கத்தோடு ஒரு மொழியைக் கற்கிறோம் என்பதே இங்கே கேள்வி. கட்டளையிடுவதற்குச் சில நூறு சொற்கள் போதும். காதுகொடுத்துக் கேட்பதற்கோ, மொழி முழுவதும் வேண்டும். பாவசங்கீர்த்தனத் தொட்டியில் ஒருவர் குரல் தழுதழுக்கச் சொல்வதைப் பாதி விளங்கிக்கொண்ட குருவும், மரணப் படுக்கையில் முதியவள் கேட்டது தண்ணீரா தன் மகனா எனத் தெரியாது நிற்கும் கன்னியரும், இலக்கணம் வெறும் ஏட்டுப் படிப்பன்று என்பதை அன்றே உணர்வர்.

புனிதர்களும் பாலபாடமும்

வளர்ந்தவர் மொழி கற்கையில் குழந்தையாக வேண்டும், அதுவே கடினம். புனித இஞ்ஞாசியார் 1524-இல் பார்சலோனா நகரில் சிறுவர்களுக்குரிய லத்தீன் இலக்கணத்தைக் கற்கத் தொடங்கியபோது அவருக்கு ஏறத்தாழ 33 வயது. வினைத்திரிபுகளை மனனம் செய்ய அமர்ந்தால் தியானச் சுவைகள் உள்ளத்தில் பொங்கி, பாடத்தை மறக்கச் செய்தன. செபத்தில் வராத ஆறுதல் படிக்கும்போது மட்டும் வருவானேன் என ஆராய்ந்து, அது சோதனையே எனத் தெளிந்தார். ஆசிரியரிடம் சென்று உண்மையைச் சொல்லி, இரண்டு ஆண்டுகள் பாடத்தைத் தவறவிடேன் என வாக்களித்தார். பக்தியின் பெயரால் பாடத்தைத் தள்ளிப்போடும் நமக்கெல்லாம் இது ஒரு மருந்து.

அவருடைய தோழர் புனித சவேரியாரோ 1542-இல் முத்துக்குளித்துறைக்கு வந்து நம் மொழியின் முன் குழந்தையாய் நின்றார். இம்மக்களின் தாய்மொழி வேறு, தம் தாய்மொழி பாஸ்க் எனக் கடிதத்தில் எழுதுகிறார். இரு மொழி அறிந்தவர்களைக் கூட்டி, பல நாள் உழைத்துச் செபங்களைத் தமிழாக்கி, அவற்றை மனனம் செய்து, கையில் மணியோடு தெருத் தெருவாகச் சென்று பிள்ளைகளைச் சேர்த்தார். பின்னர் விசுவாசப் பிரமாணத்தில் ஒரு பிழை இருப்பதைக் கண்டார்: 'விசுவாசம்' என வரவேண்டிய இடத்தில் 'வேணும்' என்னும் சொல் இருந்தது. உடனே தம் தோழர் மான்சிலாசுக்கு எழுதித் திருத்தச் சொன்னார். இறைவன் எனக்கு வேண்டும் என்பதும் நல்ல ஆசைதான். ஆனால் விசுவசிக்கிறேன் என்பது வேறு. அந்த ஒரு சொல்லுக்காக அவர் கடிதம் எழுதியது, கற்கும் மொழிக்கும் அதைப் பேசும் மக்களுக்கும் அவர் செய்த மரியாதை. ஸ்பானிய நாட்டுப் புனிதர் ஒருவர் நம் மொழிக்காகப் பட்ட பாட்டை நினைந்தால், அவர் நாட்டு மொழிக்காக நாம் படும் பாடு பெரிதன்று.

தொடங்கும் வழி

நாளொன்றுக்குக் கால் மணி நேரம் போதும். ஆனால் நாள் தவறலாகாது. முதலில் நமக்குப் பொருள் தெரிந்த செபங்களை ஸ்பானியத்தில் கற்கலாம். செபமாலையில் ஐம்பது முறை சொல்லும் மங்கள வார்த்தை, வேறு எந்தப் பயிற்சியிலும் கிட்டாத அளவுக்கு நாவைப் பழக்கும். அடுத்து 'செர்', 'எஸ்தார்', 'தெனேர்' எனப்படும் உடைமை வினை, 'இர்' எனப்படும் போதல் வினை ஆகிய நான்கையும் திரிபுகளோடு கற்க வேண்டும். பின் நன்கு தெரிந்த நற்செய்திப் பகுதியொன்றை எடுத்து, ஊதாரி மைந்தன் உவமையைப் போன்றதை, சிறிது சிறிதாக வாசிக்கலாம். கதை தெரிந்திருப்பதால் அகராதியைப் புரட்டும் வேலை குறையும். கற்றதை வாய்விட்டுச் சொல்ல வேண்டும். பிள்ளைகள் சிரித்தால் அவர்களோடு சேர்ந்து சிரிக்க வேண்டும்.

பல ஆண்டுகள் முயன்றவர்க்கு ஒரு செல்வம் காத்திருக்கிறது. லத்தீன் கல்வி பெறாத புனித அவிலா தெரேசம்மாள், பேசுவது போலவே எழுதிய நூல்களை அவருடைய சொற்களிலேயே படிக்கலாம். 1980-ஆம் ஆண்டு மார்ச் 24-ஆம் நாள் திருப்பலி நிறைவேற்றிக்கொண்டிருக்கையில் சுட்டுக் கொல்லப்பட்டு, 2018-இல் புனிதர் நிலைக்கு உயர்த்தப்பட்ட எல் சால்வதோர் நாட்டுப் பேராயர் ஒஸ்கார் ரொமேரோவின் ஞாயிறு மறையுரைகளை, ஏழை உழவர் வானொலியில் கேட்ட அதே மொழியில் கேட்கலாம்.

இன்றிரவு ஒரு சொல்லோடு தொடங்கலாம். 'கிராசியா' என்றால் அருள். அதன் பன்மை 'கிராசியாஸ்'. அதுவே ஸ்பானியர் நாள்தோறும் சொல்லும் நன்றி. கடைக்காரருக்கும், வழி காட்டியவருக்கும், சோறு படைத்த தாய்க்கும் அவர்கள் நன்றி சொல்லும்போதெல்லாம் அருள்கள் என்றே சொல்கிறார்கள். இரவு உணவு முடிந்ததும் நம் வீட்டு மேசையிலும் அச்சொல் ஒருமுறை ஒலிக்கட்டும்.